நாள் குறித்தவள்

வேலைக்குச் சேரும் அன்று இரண்டு தாள்கள்.
சேர்கிறேன் என்று ஒன்று.
விலகுகிறேன் என்று ஒன்று.
விலகும் தாளில் கையெழுத்து மட்டும் கேட்போம்.
தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

ஆண்களின் கோப்பில் ஒரு தாள் குறைவு.

பியெல்லாவில், ஆற்றோரக் கம்பளி ஆலையில்
பதினெட்டு வருடம் அந்த அலமாரியின் சாவி
என் கழுத்துச் சங்கிலியில்
சிலுவையோடு உரசிக்கொண்டு கிடந்தது.

கணக்கியல் பட்டம் எனக்கு.
நூற்றுப்பத்துக்கு நூற்றுப்பத்து.
அப்பா அதைச் சட்டம் போட்டுச்
சமையலறையில் மாட்டினார்.
இங்கே எதற்கு என்றேன்.
நீ அதிகம் நிற்கப்போகிற இடமாயிற்றே என்றார்,
அன்போடுதான்.
எண்ணெய்ப் புகையில் முதலில் மறைந்தது
பல்கலைக்கழகத்தின் முத்திரை.

ஆலையில் என் வேலை
நாள் தள்ளிப்போனவளுக்கு
நாள் குறித்துக் கொடுப்பது.

காபி வாசனைக்கு ஒருத்தி முகம் சுளிப்பாள்.
இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடுவாள்.
மாலைக்குள் மேலாளர் வந்து
என் மேசையில் இரண்டு விரலால் தட்டுவார்.
பெயர் சொல்லமாட்டார். சொல்லத் தேவையில்லை.
அவளவள் மைக்குப் பொருந்த
மூன்று வகை நீலம் வைத்திருந்தேன்.

சாயப் பிரிவு இர்மா, வேதியியல் படித்தவள்:
மார்ச் ஒன்பது.
வடிவமைப்பில் நிவெஸ். நவம்பர் மாதம், தேதி மறந்துவிட்டது.
ஒருத்திக்கு அவள் பிறந்தநாளையே எழுதிவிட்டேன்,
பிறகுதான் கவனித்தேன்.

செலெனா ஓர்மெத்ஸானோ மட்டும் திரும்பி வந்தாள்.
தாளை வெளிச்சத்தில் பிடித்து
“நான் ஏழுக்கு நடுவில் கோடு போடுவதில்லை,
இது யாருடைய ஏழு?” என்றாள்.
குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன்.
கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

அவளுக்குப் பின் வந்தவர்கள்
சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். படித்த பெண்கள்.
யாருக்கும் நாள் தள்ளவில்லை.
என் மூன்று நீலங்களும்
மூடிக்குள்ளேயே காய்ந்தன.

நேற்று மாலை நகர்மன்றத்தில்
பள்ளியை மூடுவது பற்றிக் கூட்டம்.
வருகிற முதல் வகுப்புக்கு மூன்றே பெயர்கள்.
அதிலும் ஒரு குடும்பம் தூரினுக்குப் போகிறதாம்.
மேலாளர் இப்போது மேடையில் உட்கார்கிறவர்.
நம் பெண்கள் அளவுக்கு மீறிப் படித்துவிட்டார்கள்,
தொட்டில் என்றால் என்னவென்று கேட்கிறார்கள் என்றார்.
சிரிப்பு. கைதட்டல்.
என் முன்வரிசையில் ஓர் இளைஞன் தட்டவில்லை.
மடியிலிருந்த மகளுக்கு
வாழைப்பழம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான்,
கை ஓயவில்லை.

எழுந்து பேச நினைத்தேன்.
சாவி போன பிறகும்
சங்கிலி கனக்கிறது.
எழவில்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன்.
ஆலை பூட்டிய அன்று
ஒரு கோப்பை மட்டும் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.
என்னுடையது.
இருபத்தாறு வயதுக் கையெழுத்து,
எழுத்துகள் கொஞ்சம் துள்ளுகின்றன.
ரெமிஜியோ கேட்டபோதெல்லாம்
அடுத்த வருடம் என்றேன்.
அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று
அவனுக்குக் கேட்கக் கூச்சமாகும்வரை சொன்னேன்.
யாரும் என் மேசையில்
என் பெயருக்காகத் தட்டியதில்லை.
கோடு அப்படியே இருக்கிறது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
எந்த ஏப்ரல்? எந்த வருடம்?
வராத ஒருவருக்கு எந்த நாளைக் குறிப்பது?

ஊரில் குழந்தைகள் குறைவது ஏன் என்று
கருத்துகளை வெள்ளிக்குள்
பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள்.
இந்தத் தாளை மடித்துப் போடப்போகிறேன்.
பெயர் கீழே இருக்கிறது.
தேதியை
அவரே எழுதிக்கொள்ளட்டும்.